எடை குறைந்தால் மட்டும் போதுமா?
சிறுவர் பி.எம்.எக்ஸ். சைக்கிள் – ஒரு திறனாய்வு

70 கிலோ எடையுள்ள ஒருவரிடம் 35 கிலோ எடையுள்ள சைக்கிளைக் கொடுத்து, மேட்டில் ஏறு, பள்ளத்தில் இறங்கு, நடுவில் இரண்டு முறை துள்ளிக் குதி என்று சொன்னால் என்ன செய்வார்? சைக்கிளை அங்கேயே சாய்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். நம் ஊரில் பால்காரர்களும் தபால்காரர்களும் மிதித்த பெரிய சைக்கிள்கூட ஏறத்தாழ 20 கிலோதான். ஆனால் 20 கிலோ எடையுள்ள ஆறு வயதுக் குழந்தையிடம் 10 கிலோ சைக்கிளைக் கொடுக்கும்போது இதே கொடுமையைத்தான் செய்கிறோம். ஓட்டுபவரின் எடையில் பாதி! குழந்தை தடுமாறினால், “இன்னும் பழகவில்லை” என்று சொல்லி அமைதி அடைகிறோம்.

இது ஒருபுறம். மறுபுறம், பந்தய ஆர்வம் கொண்ட பெற்றோர் சிலர் கிராம் கணக்கில் எடையைக் குறைப்பதற்காக விலையுயர்ந்த திருகுகளை வாங்குகிறார்கள். நல்ல உறுப்புகளில் துளை போடுகிறார்கள். எடையே கூடாது என்பது இவர்கள் கொள்கை. எடையைப் பற்றிக் கவலையே இல்லாமல் செய்வது விற்பனையாளர் பலரின் வழக்கம். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

உறுதியில் தொடங்கிய கதை

பி.எம்.எக்ஸ். என்பது ‘பைசிக்கிள் மோட்டோகிராஸ்’ என்பதன் சுருக்கம். கரடுமுரடான மண் பாதையில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் பந்தயத்தைப் பார்த்துவிட்டு, அமெரிக்காவின் தென் கலிபோர்னியாச் சிறுவர்கள் தங்கள் சைக்கிள்களில் அதைப் போலச் செய்யத் தொடங்கினர். 1960-களின் இறுதியிலும் 1970-களின் தொடக்கத்திலும் நடந்தது இது. 1963-இல் ஷ்வின் நிறுவனம் வெளியிட்ட ஸ்டிங்ரே என்ற 20 அங்குலச் சக்கர சைக்கிள் இதற்கு வாய்ப்பாக அமைந்தது. முதல் உலகப் போட்டி 1982-இல் ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் நடைபெற்றது. 2008-இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு இடம் பெற்றது.

தொடக்க காலத்தில் சிறுவர்களுக்கு இருந்த சிக்கல் எடை அல்ல; முறிவுதான். குதித்து இறங்கியதும் போர்க் வளைந்தது, சக்கரம் கோணியது. எனவே முதலில் வந்த சீர்திருத்தங்கள் யாவும் உறுதியை நோக்கியவை. மாங்கூஸ் என்ற பெயரால் அறியப்படும் நிறுவனம் 1974-இல் தொடங்கப்பட்டபோது, அதன் முதன்மைச் சரக்கு முழு சைக்கிள் அன்று; கம்பிகளே இல்லாமல் உலோகத்தை வார்த்துச் செய்த ஒரு சக்கரம். மோட்டார் சைக்கிளை அப்படியே நகல் எடுக்கும் முயற்சியும் நடந்தது. யமஹா நிறுவனம் 1970-களின் நடுவில் முன்னும் பின்னும் அதிர்வு தாங்கிகள் வைத்த சிறுவர் சைக்கிளை விற்றது. பார்க்க அழகு; மிதிக்கப் பெரும் பாரம். பந்தயத்தில் நிலைத்தவை அதிர்வு தாங்கி இல்லாத எளிய வண்டிகளே. குரோமியமும் மாலிப்டினமும் சேர்ந்த எஃகுக் குழாயும், பின்னர் அலுமினியக் கலவைகளும் பயன்பாட்டுக்கு வந்தபின், உறுதியை இழக்காமலே எடையைக் குறைக்க முடிந்தது.

இவ்வரலாற்றின் படிப்பினையைக் கடைக்காரர்கள் மறந்துவிட்டார்கள் என்றே தோன்றுகிறது. இன்றும் பெட்ரோல் தொட்டி போன்ற பிளாஸ்டிக் கூடு, பெயருக்கு ஓர் அதிர்வு தாங்கி, தடித்த இரும்புக் குழாய், அகலமான மட்கார்டு ஆகியவற்றுடன் ‘பி.எம்.எக்ஸ்.’ என்று பக்கவாட்டில் எழுதிய வண்டிகள் நம் ஊர்க் கடைகளில் தொங்குகின்றன. பெயர் பந்தயத்தினுடையது, எடை சுமை வண்டியினுடையது.

கலீலியோ என்ன சொல்வார்?

சிறுவர் சைக்கிள் எவ்வளவு எடை இருக்க வேண்டும்? இதற்கு விடை காண கலீலியோவின் உதவியை நாடுவோம். 1638-இல் வெளிவந்த தம் நூலில் அவர், உருவம் மாறாமல் ஒரு பொருளின் அளவைக் குறைத்தால் என்ன நிகழும் என்று ஆராய்ந்தார். நீளம் பாதியானால் குறுக்குப் பரப்பு நான்கில் ஒன்றாகும். கனஅளவு, அதாவது எடை, எட்டில் ஒன்றாகும்.

ஒரு பெரியவரின் உயரம் 170 செ.மீ., குழந்தையின் உயரம் 115 செ.மீ. என்று கொள்வோம். விகிதம் 0.68. இதன் மும்மடிப் பெருக்கம் 0.31. பெரியவரின் எடை 70 கிலோ எனில், குழந்தையின் எடை 70 × 0.31, அதாவது ஏறத்தாழ 22 கிலோ என்று கணக்கு சொல்கிறது. உண்மையான எடைக்கு இது மிக அருகில் இருக்கின்றதல்லவா? அதே கணக்கை சைக்கிளுக்கும் போடுவோம். பெரியவருக்கான நல்ல பந்தய சைக்கிள் 10 கிலோ எனில், குழந்தையின் சைக்கிள் 3 கிலோதான் இருக்க வேண்டும்!

அது உடையாதா என்று கேட்பீர்கள். சுமை 0.31 மடங்காகக் குறைகிறது. குழாயின் குறுக்குப் பரப்போ 0.46 மடங்காக மட்டுமே குறைகிறது. எனவே உலோகம் தாங்கவேண்டிய தகைவு, பெரிய சைக்கிளில் இருப்பதில் 0.68 பங்குதான். சிறியதாக இருப்பது வலிமைக்கு எதிரி அல்ல, நண்பன். எறும்பு தன் எடையைவிடப் பன்மடங்கு சுமப்பதன் பின்னணியும் இதுவே.

ஆயினும் 3 கிலோ சைக்கிளை யாராலும் செய்ய முடியாது. ஏனெனில் எல்லா உறுப்புகளும் குழந்தையோடு சேர்ந்து சிறுப்பதில்லை. செயினின் ஒரு கண்ணியின் நீளம் பெரிய சைக்கிளிலும் சிறிய சைக்கிளிலும் அதே 12.7 மி.மீ.தான். பால்ரஸ் குண்டுகள், அச்சுகள், திருகுகள் ஆகியவையும் அப்படியே. குழாயின் சுவரை ஓரளவுக்கு மேல் மெலிதாக்கினால் சிறு அடியிலேயே நசுங்கிவிடும். மேலும் குழந்தை சைக்கிளைக் கீழே போடும், மழையில் விடும், அண்ணன் ஏறுவான்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தாலும் 6 அல்லது 7 கிலோவில் ஒரு சிறுவர் சைக்கிளைச் செய்வது இயலும் என்பது மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. இங்கிலாந்தில் 2005-இல் ஐலா ரௌன்ட்ரீ தொடங்கிய ஐலாபைக்ஸ் நிறுவனமும், ஆஸ்திரியாவில் 2013-இல் தோன்றிய வூம் நிறுவனமும் 16 அங்குலச் சக்கர சைக்கிள்களை 6 கிலோவை ஒட்டிய எடையில் செய்து காட்டின. அவை பந்தய வண்டிகள் அல்ல, சாதாரண ஓட்டத்துக்கானவை, விலையும் அதிகம். எனினும் ‘சிறுவர் சைக்கிள் கனமாகத்தான் இருக்கும்’ என்ற வாதம் அத்துடன் முடிந்தது. 11, 12 கிலோ எடையுள்ள 20 அங்குல வண்டிக்கு இயற்பியல் காரணம் எதுவும் இல்லை. மலிவான தயாரிப்பும் பெரியவர்களின் அக்கறையின்மையுமே காரணங்கள்.

எடை குறைப்பால் கிடைப்பது என்ன?

இனி மறுதரப்பைப் பார்ப்போம். 10 கிலோ சைக்கிளை 8 கிலோவாக்கினால் குழந்தை பந்தயத்தில் எவ்வளவு முந்தும்?

பி.எம்.எக்ஸ். பந்தயம் ஒரு மேட்டின் உச்சியிலிருந்து தொடங்குகிறது. பெரியவர்களின் உலகப் போட்டிகளில் அம்மேடு 8 மீட்டர் உயரம்கூட இருக்கும். சிறுவர்களுக்கு அதைவிடத் தாழ்வாக இருக்கும். சரிவில் உருளும்போது புவியீர்ப்பு தரும் முடுக்கத்துக்கும் எடைக்கும் தொடர்பு இல்லை. கனமான கல்லும் இலேசான கல்லும் ஒன்றாகவே விழும் என்று பள்ளியில் படித்திருக்கிறீர்கள். காற்றின் எதிர்ப்பைக் கணக்கில் சேர்த்தால் கனமான வண்டிக்கே இம்மியளவு ஆதாயம். ஆகவே இறக்கத்தில், குழந்தை தானே மிதித்துச் சேர்க்கும் வேகத்துக்கு மட்டுமே எடைக் குறைப்பு உதவும்.

சமதளத்தில் என்ன? குழந்தையும் சைக்கிளும் சேர்ந்து 30 கிலோ. குறைத்தபின் 28 கிலோ. அதே விசைக்கு முடுக்கம் 7 விழுக்காடு கூடும். ஆனால் குறிப்பிட்ட தொலைவைக் கடக்கும் நேரம் நிறையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. எனவே நேரம் 3.4 விழுக்காடுதான் குறையும். ஓய்வு நிலையிலிருந்து 8 மீட்டர் தொலைவை 4 நொடியில் கடக்கும் குழந்தைக்கு 0.14 நொடி மிச்சம். அப்போது அதன் வேகம் நொடிக்கு 4 மீட்டர் ஆதலால், அரை மீட்டருக்குச் சற்று அதிகமாக முந்தும். அதாவது ஏறத்தாழ ஒரு சக்கரத்தின் விட்டம். பந்தயத்தில் இது சிறிதல்ல. ஆனால் 2 கிலோவைக் குறைத்ததற்குக் கிடைத்த பலன் இது என்பதை மறவாதீர். 50 கிராம் குறைத்தவருக்குக் கிடைப்பது ஒன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவு.

அப்படியானால் எடைக் குறைப்பு வீண்தானா? இல்லை. கடிகாரம் காட்டாத இடத்தில்தான் உண்மையான பலன் இருக்கிறது. மேட்டின் மேல் முன்சக்கரத்தைத் தூக்கும்போதும், தாவலின்போது வண்டியைக் காற்றில் திருப்பும்போதும், குழந்தை தன் உடலை எதிர்த்துப் போராடவில்லை. சைக்கிளை எதிர்த்தே போராடுகிறது. அங்கே ஒப்பிட வேண்டியது 30-ஐயும் 28-ஐயும் அன்று, 10-ஐயும் 8-ஐயும். குறைவு 20 விழுக்காடு! வண்டி குழந்தையின் சொல்லைக் கேட்கத் தொடங்குகிறது. விழுந்தால் மேலே சாய்வதும் 8 கிலோதான்; தானே தூக்கி நிறுத்தவும் முடியும். தானே நிமிர்த்தக்கூடிய வண்டியில்தான் குழந்தை மறுபடி ஏறும். முந்துவதற்காக அல்ல, ஆள்வதற்காகவே எடையைக் குறைக்க வேண்டும் என்பது என் முடிவு.

சக்கரத்தில் இருமடங்கா, பத்து மடங்கா?

‘சக்கரத்தில் ஒரு கிராம் குறைப்பது பிரேமில் பத்து கிராம் குறைப்பதற்குச் சமம்’ என்று சொல்வோர் உண்டு. இது மிகை. ஓடும் சக்கரத்தின் விளிம்பில் உள்ள பொருளுக்கு முன்செல்லும் இயக்க ஆற்றலும் உண்டு. சுழலும் இயக்க ஆற்றலும் உண்டு. விளிம்பில் இவ்விரண்டும் சமம். ஆகவே டயர், ட்யூப், ரிம் ஆகியவற்றில் குறைக்கும் 1 கிராம், வேகத்தைக் கூட்டும்போது 2 கிராமுக்குச் சமம். இரண்டேதான், பத்து அல்ல. நடுவில் உள்ள ஹப்பில் குறைத்தால் அந்த இரட்டிப்பும் இல்லை. சீரான வேகத்தில் மேடு ஏறும்போது எங்கே குறைத்தாலும் 1 கிராம் 1 கிராம்தான். எனினும் இரும்பு ரிம்மை அலுமினிய ரிம்மாகவும், தடித்த டயரை மெல்லிய டயராகவும் மாற்றி 500 கிராம் குறைத்தால், முடுக்கத்தில் 1 கிலோ குறைத்த பயன் உண்டு. பணம் செலவழிக்கத் தகுந்த முதல் இடம் இதுவே.

டயரில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. உருளும்போது டயர் நசுங்கி மீள்வதால் ஏற்படும் தடை, மட்டமான டயரில் எடையின் நூறில் ஒரு பங்கு என்றும், நல்ல டயரில் இருநூறில் ஒரு பங்கு என்றும் வைத்துக்கொள்வோம். டயரை மாற்றினால் அத்தடை பாதியாகிறது. 2 கிலோ எடையைக் குறைத்தாலோ அத்தடை 7 விழுக்காடுகூடக் குறையாது.

அலுமினியத்தின் சூட்சுமம்

எஃகின் அடர்த்தி 7.85, அலுமினியத்தின் அடர்த்தி 2.70. உடனே ‘எடை மூன்றில் ஒன்று’ என்று மகிழ வேண்டாம். அலுமினியத்தின் யங் குணகமும் எஃகினுடையதில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுதான். அதே அளவுக் குழாயை அலுமினியத்தில் செய்தால் மும்மடங்கு வளையும். இங்கே வடிவம் கைகொடுக்கிறது. மெல்லிய சுவருள்ள குழாயின் எடை அதன் விட்டத்தைப் பொறுத்தது. வளையாத தன்மையோ விட்டத்தின் மும்மடியைப் பொறுத்தது. எனவே சுவரின் தடிப்பை மாற்றாமல் விட்டத்தை மட்டும் ஒன்றரை மடங்காக்கினால், அலுமினியக் குழாய் எஃகுக் குழாயைவிட 16 விழுக்காடு விறைப்பாக இருக்கும். எடை பாதியாக இருக்கும். அலுமினிய சைக்கிள்களின் குழாய்கள் பருத்திருப்பதன் காரணம் அலங்காரம் அன்று, இக்கணக்கே.

ஆனால் ஓர் எச்சரிக்கை. எஃகுக்குக் குறிப்பிட்ட தகைவுக்குக் கீழே எத்தனை முறை வளைத்தாலும் களைப்பு முறிவு வராது என்ற ஓர் எல்லை உண்டு. அலுமினியத்துக்கு அத்தகைய தெளிவான எல்லை இல்லை. ஒவ்வொரு குதியும் ஒரு சிறு கடனாகச் சேர்ந்துகொண்டே போகும். மூன்று குழந்தைகள் ஓட்டிய பழைய இலேசான ஹாண்டில்பாரை மலிவாகக் கிடைக்கிறதே என்று நான்காவது குழந்தைக்கு மாட்டுவது ஆபத்து.

துளை போடும் கலை

1970-களில் சைக்கிள் பந்தயக்காரர்களிடையே செயின் வீலிலும் பிரேக் பிடியிலும் துளைகள் இடும் மோகம் பரவியது. இன்றும் வீட்டில் துளைக்கருவி வைத்திருப்போருக்கு அந்த ஆசை வருவதுண்டு. கணக்குப் பாருங்கள். 4 மி.மீ. தடிப்புள்ள அலுமினியத் தகட்டில் 5 மி.மீ. விட்டமுள்ள துளையிட்டால் வெளியேறும் உலோகம் 0.21 கிராம். முப்பது துளைகள் இட்டால் 6 கிராம். ஒரு நாணயத்தின் எடை. இதற்கு நாம் கொடுக்கும் விலை என்ன? இழுக்கப்படும் அகன்ற தகட்டில் ஒரு வட்டத் துளை இருந்தால் அதன் விளிம்பில் தகைவு மும்மடங்காகும் என்று 1898-இலேயே கிர்ஷ் என்ற ஜெர்மானியப் பொறியாளர் நிறுவிவிட்டார். முப்பது துளை என்றால் விரிசல் தொடங்குவதற்கு முப்பது இடங்கள். போர்க், கிராங்க், ஹாண்டில்பார் ஆகியவற்றில் துளையிடுவது சிக்கனம் அன்று. குழந்தையின் பற்களை வைத்து ஆடும் சூதாட்டம்.

டைட்டானியத் திருகுகளின் கதை ஆபத்தற்றது, ஆனால் நகைப்புக்குரியது. ஒரு வண்டியின் திருகுகள் மொத்தம் 150 கிராம் என்று கொண்டால், டைட்டானியமாக மாற்றுவதால் குறைவது 65 கிராம். அதே வண்டியில் 25 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. சுவரும் கொண்ட இரும்பு சீட் பில்லர் தேவையின்றி 10 செ.மீ. நீண்டிருந்தால், ஒரு ரம்பத்தால் அதை அறுத்தெறிவது 113 கிராமைக் குறைக்கும். குழந்தை வளர்வதற்கான நீளத்தையும், பிரேமுக்குள் இருக்க வேண்டிய நீளத்தையும் விட்டுவைத்து அறுக்க வேண்டும்; அவ்வளவே.

எடையைவிடப் பெரிய குற்றவாளி

20 கிலோ குழந்தை தன் முழு எடையையும் கிடைமட்டமாக நிற்கும் பெடலில் ஊன்றினால் 196 நியூட்டன் விசை. கிராங்க் 12.5 செ.மீ., சக்கரத்தின் ஆரம் 25 செ.மீ., செயின் வீலில் 44 பற்கள், பிரீவீலில் 16 பற்கள் என்றால், தரையில் கிடைக்கும் தள்ளுவிசை 36 நியூட்டன் மட்டுமே. பிரீவீலை 18 பற்கள் உள்ளதாக மாற்றுங்கள். அவ்விசை 40 நியூட்டன் ஆகிவிடும். பன்னிரண்டரை விழுக்காடு கூடுதல்! 2 கிலோ எடையைக் குறைத்தபோது கிடைத்தது 7 விழுக்காடுதான் என்பதை நினைவுகூருங்கள். ஒரே வேகத்துக்குக் கால்கள் சற்று விரைவாகச் சுழல வேண்டும். சிறு குழந்தைகளுக்கு அது கடினமன்று. ஒரு சிறு பற்சக்கரத்தின் செலவில் முடிவதற்காகப் புதிய பிரேம் வாங்குவானேன்?

கிராங்கின் நீளமும் அப்படியே. பெரியவரின் 170 மி.மீ. கிராங்கை நம் விகிதத்தால் பெருக்கினால் 115 மி.மீ. ஆகிறது. அதைவிட மிக நீண்ட கிராங்க், நெம்புகோல் விதிப்படி அதிக விசை தரும் என்பது உண்மை. ஆனால் முழங்கால் மார்பை முட்டும்போது அவ்விசையைச் செலுத்துவது எவ்வாறு?

குறைக்கக் கூடாதவை

அரை மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் வண்டி 10 செ.மீ. தொலைவில் தணிந்து நிற்கிறது என்றால், சராசரி விசை எடையைப்போல் ஆறு மடங்கு. 30 கிலோ சுமைக்கு அது 180 கிலோ எடைக்குச் சமம். அதே வண்டியில் 50 கிலோ எடையுள்ள அண்ணன் குதித்தால் 360 கிலோ. சிறு குழந்தைக்கெனச் செய்த மெல்லிய வண்டி அதைத் தாங்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. வண்டியோடு எழுதித் தரும் எடை வரம்பு வெறும் சடங்கு அல்ல. போர்க், ஹாண்டில்பார், அதைப் பிடிக்கும் தண்டு, பிரேக் ஆகிய நான்கிலும் கிராம் கணக்குப் பார்க்கலாகாது. பந்தய விதிகளே பின்சக்கரக் கைப் பிரேக்கைக் கட்டாயமாக்கியிருக்கின்றன.

முடிவுரை

ஆக, இத்திறனாய்வின் தீர்ப்பு இது. சிறுவர் சைக்கிளைக் கனமாகச் செய்பவர்கள் குழந்தையைப் பார்க்காமல் விலைப்பட்டியலைப் பார்க்கிறார்கள். கிராமைத் துரத்துபவர்கள் குழந்தையைப் பார்க்காமல் தராசைப் பார்க்கிறார்கள். இருவரும் பார்க்க வேண்டியது, வண்டியின் எடைக்கும் குழந்தையின் எடைக்கும் உள்ள விகிதத்தை. பாதி என்பது மிகை. மூன்றில் ஒன்று எட்டக்கூடியது.

வரிசை வேண்டுவோர்க்கு இதோ: முதலில் வேண்டாத அலங்காரங்களைக் கழற்றுங்கள், அது இலவசம். அடுத்து பற்களின் விகிதத்தையும் கிராங்கையும் குழந்தைக்கு ஏற்றவாறு மாற்றுங்கள். பிறகு டயர், ரிம். பிரேம் கடைசி. திருகுகளை மறந்துவிடுங்கள்.

ஒரு பிஸ்கட் பொட்டலத்தில்கூட நிகர எடையை அச்சிட வேண்டும் என்று நம் நாட்டில் விதி இருக்கிறது. கடையில் தொங்கும் சிறுவர் சைக்கிள் பலவற்றில் எடையைத் தேடினாலும் கிடைப்பதில்லை. கடைக்காரரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியவில்லையெனில் ஒரு தராசு கேளுங்கள். நீங்கள் மட்டும் ஏறி நின்று ஒரு முறையும், சைக்கிளைத் தூக்கிக்கொண்டு மறுமுறையும் நிறுத்துப் பாருங்கள். கழித்தால் விடை வந்துவிடும். பத்துப் பேர் இப்படிக் கேட்டால், பதினோராவது சைக்கிளில் எடை அச்சிடப்பட்டிருக்கும்.